கொண்டச்சிக் கஜு மரமும் அதன் காவற்காரரும்

பச்சைக் கஜுக் கொட்டையைப் பல்லால் கடித்து உடைத்துப் பார்த்த பிள்ளை உங்களில் யாராவது உண்டா? இருந்தால் கட்டாயம் நினைவிருக்கும். உதடு எரிந்திருக்கும். அடுத்த நாள் தோல் கொப்புளித்து உரிந்திருக்கும். அம்மாவிடம் நல்ல ஏச்சும் கிடைத்திருக்கும்.

கடிக்காதவர்கள் இனியும் கடிக்க வேண்டாம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். உள்ளே அவ்வளவு ருசியான பருப்பை வைத்துக்கொண்டு வெளியே எதற்காக இந்த எரிச்சல்?

இப்படி “எதற்காக?” என்று கேட்கும் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். வாருங்கள், விடையைத் தேடிக் கொண்டச்சிக்குப் போவோம்.

மன்னாரிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் அரிப்பு வரும். பிறகு சிலாவத்துறை. அதையும் தாண்டினால் கொண்டச்சி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் முத்துக்குளிப்புக் காலத்தில் இந்தக் குடாவில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடுவார்கள். இன்று கொண்டச்சி என்றதும் நினைவுக்கு வருவது கஜு. நம் பாடப்புத்தகம் அதை மரமுந்திரிகை என்று சொல்லும். இலங்கை மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனத்தின் மிகப் பெரிய தோட்டம் இங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் அது.

போர் நடந்த ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தைக் கவனிக்க ஆள் இருக்கவில்லை. மருந்து தெளிக்கவும் ஆளில்லை, நோய்க் கிளையை வெட்டவும் ஆளில்லை. பற்றை மண்டிப் போயிற்று. அப்படியிருந்தும் தப்பி நின்ற மரங்கள் உண்டு. அவற்றைப் பூச்சியிடமிருந்தும் நோயிடமிருந்தும் அத்தனை காலம் யார் காப்பாற்றினார்கள்? மரங்கள் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொண்டன. அது எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தக் கொட்டை. அதன் ஓட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு கடினமான தோல்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள் தெரியும். அந்த அறைகள் நிறைய ஒரு கபில நிற எண்ணெய் இருக்கும். அதில் மிகுதியாக இருப்பது அனகாடிக் அமிலம். தோலைச் சுடும் எண்ணெய் இது. பூச்சிக்கும் ஆகாது, பங்கசுக்கும் ஆகாது. கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ வேறு எண்ணெயோ பூசிக்கொண்டு வேலை செய்வது இதனால்தான். மரப்படகைச் செல்லும் உளுவும் அரிக்காமல் இருக்க இந்த எண்ணெயைப் பூசும் வழக்கமும் உண்டு. மரம் தன் பருப்புக்கென்று செய்த காவலை மனிதர் தம் படகுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மாங்காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பால் தெறித்து வாயோரம் புண்ணானது உண்டா? மாவும் கஜுவும் ஒரே குடும்பத்து மரங்கள். அந்தப் பாலும் இந்த எண்ணெயும் இரசாயனத்தில் கிட்டிய உறவு. காம்பை உடைத்துப் பாலை வடிய விட்டு மாங்காயைக் கழுவ வேண்டும் என்று அப்பாச்சி சொல்வாரே, அவர் சொல்வது சரியான அறிவியல்.

சரி, அப்படியானால் கொட்டைக்கு மேலே தொங்கும் சிவப்புப் பழம் ஏன் சுடுவதில்லை? அது தின்பதற்கென்றே உண்டானது. உண்மையில் அது பழமே அல்ல, ஊதிப் பெருத்த காம்பு. இரவில் வௌவால் வரும். பழத்தைக் கொட்டையோடு கவ்விக்கொண்டு தூரத்தில் இன்னொரு மரத்துக்குப் பறக்கும். இனிப்பைத் தின்னும், எரியும் கொட்டையைக் கீழே போட்டுவிடும். அங்கே ஒரு புதுக் கன்று முளைக்கும். எதைக் கொடுக்க வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று மரம் எவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது பாருங்கள்!

இதுவரை விளங்குகிறதா? நல்லது. இனி இலைக்குப் போவோம்.

முற்றிய கஜு இலையைத் தடவிப் பாருங்கள். தடிப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். மேலே ஒரு மெழுகுப் படை இருக்கிறது. அதில் தண்ணீர் தங்காது. ஈரம் இல்லாவிட்டால் பங்கசின் வித்தி முளைப்பது கடினம். மரத்தண்டில் காயம் பட்டால் பிசின் வடிந்து காயத்தை மூடும்.

ஆனால் எல்லாச் சண்டையிலும் மரம் வெல்வதில்லை. தண்டு துளைப்பான் என்று ஒரு வண்டு இருக்கிறது. அது அடிமரத்துப் பட்டையில் முட்டையிடும். புழு உள்ளே புகுந்து பட்டையின் கீழ் சுரங்கம் வெட்டும். மரம் பிசினைக் கொட்டும். பல நேரம் அது போதாது. அடிமரத்தில் பிசினோடு மரத்தூளும் கலந்து வடிவதைக் கண்டால், அந்த மரம் உதவி கேட்கிறது என்று அர்த்தம். தோட்டக்காரர் பட்டையைச் சீவிப் புழுவை எடுத்துவிடுவார். பிந்தினால் மரம் பட்டுப்போகும்.

இலையின் மெழுகையும் தாண்டி ஒரு பங்கசோ பற்றீரியாவோ உள்ளே புகுந்தால் என்ன நடக்கும்?

நம் உடம்பில் கிருமி புகுந்தால் வெண்குருதிக் கலங்கள் ஓடிப்போய்ப் பிடிக்கின்றன. மரத்துக்குக் குருதி இல்லை, ஓடிப்போகும் கலங்களும் இல்லை. அதனால் ஒவ்வொரு கலமும் தன்னைத் தானே காக்க வேண்டும். கலத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் என்ற மிக நுண்ணிய புரதங்கள் இருக்கின்றன. பங்கசின் உடற்சுவரில் கைற்றின் என்ற பொருள் உண்டு. தாவரத்தில் அது கிடையாது. கைற்றின் துணுக்கு வாங்கியில் பட்டதும், வந்திருப்பது அந்நியர் என்று கலம் அறிந்துகொள்ளும். தன் சுவரைத் தடிப்பாக்கும். பங்கசின் உடலை அரிக்கும் நொதியங்களைச் சுரக்கும். பற்றீரியாவை உணர்ந்தால் இலைவாய்கள்கூட மூடிக்கொள்ளும்.

அதுவும் போதாவிட்டால் கலம் இன்னொன்றைச் செய்கிறது. கிருமி தொட்ட கலமும் அதைச் சுற்றிய சில கலங்களும் தம்மைத் தாமே கொன்றுவிடுகின்றன.

வியப்பாக இருக்கிறதா? கவனியுங்கள். துரு நோய் என்ற இலை நோயைத் தரும் பங்கசு உயிருள்ள கலத்தில்தான் சாப்பிடும். செத்த கலத்தில் அதற்கு உணவில்லை. சில கலங்கள் இறப்பதால் பங்கசு பட்டினி கிடந்து சாகும், முழு இலையும் பிழைக்கும். இலையில் ஊசிமுனை அளவு கபிலப் புள்ளிகள் மட்டும் மிஞ்சும். எல்லாப் புள்ளியும் இப்படி வந்ததல்ல, நோயாலும் புள்ளி வரும். நாளுக்கு நாள் பெருத்துப் பரவினால் அது நோய். தோன்றிய இடத்திலேயே நின்றுவிட்டால் அநேகமாக அங்கே இலை வென்றிருக்கிறது.

இப்படிக் கலங்கள் தாமே இறப்பதை முதலில் கண்டவர்களில் ஒருவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு காலத்தில் இலங்கை மலைநாட்டில் தேயிலை இல்லை, கோப்பிதான் இருந்தது. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாக மக்களை வேலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் நம் மன்னார்க் கரையில் வந்து இறங்கினார்கள். பிறகு காட்டு வழியே நாட்கணக்காக மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீரின்றியும் நோய் கண்டும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். அவர்கள் வளர்த்த கோப்பிச் செடிகளில் 1869இல் ஒரு நோய் தெரிந்தது. இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள். கோப்பித் துரு நோய்!

நோயை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து ஹரி மார்ஷல் வாட் என்ற இருபதுகளில் இருந்த இளைஞர் வந்தார். இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கினார். வித்திகள் காற்றில் பறந்து வருகின்றன, இலைவாய் வழியே உள்ளே நுழைகின்றன என்று கண்டறிந்தார். மலை முழுவதும் இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு இவ்வளவு வசதியாகப் போயிற்று என்றும் உணர்ந்தார். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற நேரம் கடந்துவிட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது.

ஏன் அந்தக் கோப்பிச் செடிகள் தோற்றன? அவை எல்லாம் மிக நெருங்கிய உறவுள்ள செடிகள். இந்தத் துருவை எதிர்த்து நிற்கும் திறமை அவற்றில் எந்தச் செடியிடமும் இருக்கவில்லை. ஒன்றால் முடியாதது மற்ற எதனாலும் முடியவில்லை. கோப்பியில் ரொபஸ்டா என்ற வேறோர் இனத்துக்கு அந்தத் திறமை இருந்தது. இன்று துருவைத் தாங்கும் கோப்பி வகைகள் பலவற்றை அதன் உறவிலிருந்துதான் உருவாக்கியிருக்கிறார்கள்.

வாட் சும்மா இருக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகும் துரு நோயையே ஆராய்ந்தார். 1902இல் ஒரு வகைப் புல்லில் அந்தக் கலச் சாவைக் கண்டார். துருவை எதிர்க்கக்கூடிய புல்லில், பங்கசு நுழைந்த இடத்துக் கலங்கள் சட்டென்று இறந்துபோயின. பங்கசும் அங்கேயே நின்றுபோயிற்று. கோப்பி செய்ய முடியாததை அந்தப் புல் செய்தது. இத்தனை ஆண்டுகள் ஒரே கேள்வியை விடாமல் வைத்திருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இன்னும் ஒன்று. ஓர் இலையில் சண்டை நடந்தால் மற்ற இலைகளுக்கு எப்படித் தெரியும்?

பள்ளிக்கூட மணி அதிபரின் அறைக்குப் பக்கத்தில் அடிக்கிறது. ஆனால் கடைசி வகுப்பிலிருக்கும் பிள்ளையும் புத்தகத்தை மூடிவிடுகிறது, இல்லையா? தாவரத்துக்குள்ளும் அப்படி மணி உண்டு. அந்த மணியோசை ஓர் இரசாயனம். கிருமி வந்தால் சலிசிலிக் அமிலம் என்ற பொருள் இலையில் கூடுகிறது. நீங்கள் விழுங்கும் அஸ்பிரின் மாத்திரைக்கு அது உறவு. சேதி செடி முழுவதும் போகும். கிருமியே காணாத இலைகளும் ஆயத்தமாகும். 1961இல் ரொஸ் என்ற ஆய்வாளர் இதைப் புகையிலைச் செடியில் காட்டினார். கீழ் இலையில் ஒரு வைரசைத் தேய்த்துவிட்டுச் சில நாள் பொறுத்தார். பிறகு மேல் இலையில் தேய்த்தால் அங்கே நோய் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பூச்சி கடித்தால் அடிப்பது வேறு மணி. அதன் பெயர் ஜஸ்மோனிக் அமிலம். மல்லிகைப் பூவின் வாசனை எண்ணெயில் இதன் நெருங்கிய உறவுப் பொருளை முதலில் கண்டதால் இந்தப் பெயர். தக்காளி இலையைப் புழு கடித்தால் இந்த மணி அடிக்கிறது. உடனே இலைகள் ஒரு புரதத்தைச் செய்கின்றன. அதைத் தின்ற புழுவுக்குச் சாப்பாடு சமிக்காது. வயிறு நிறையத் தின்றும் வளராது!

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம்.

கஜு மரத்தின் பெரிய எதிரி ஒன்று உண்டு. அதைத் தேயிலைக் கொசு என்பார்கள். பெயர்தான் கொசு. உண்மையில் அது சாறு உறிஞ்சும் ஒரு மெல்லிய நாவாய்ப் பூச்சி. தேயிலையையும் உறிஞ்சும், கஜுவையும் உறிஞ்சும். முற்றிய இலை அதற்கு வேண்டாம். இளந்தளிர், பூங்கொத்து, பிஞ்சுக் கொட்டை, இவைதான் வேண்டும். குத்தும்போது உமிழ்நீரையும் உள்ளே விடும். குத்திய இடம் கறுக்கும். கொத்தே கருகித் தொங்கும். அந்த ஆண்டு காய் இல்லை.

பிஞ்சுக் கொட்டையில் இன்னும் எண்ணெய் நிறையவில்லை. தளிரில் மெழுகு தடிக்கவில்லை. அப்போது மரம் என்ன செய்யும்?

காவலுக்கு ஆள் பிடிக்கும்! கூலியாக இனிப்புக் கொடுக்கும்.

பூவுக்குள் இருக்கும் தேன் தேனீக்களுக்கு. கஜு மரம் அதைவிட வேறிடங்களிலும் தேன் சுரக்கிறது. இளம் இலையில், பூங்கொத்தில், பிஞ்சுக் கொட்டையில்கூட மிகச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. 1998இல் பிரெட் ரிக்சன், மெலிண்டா ரிக்சன் என்ற ஆய்வாளர்கள் இந்தச் சுரப்பிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விவரமாக எழுதினார்கள். தேயிலைக் கொசு விரும்பும் இடங்களை இன்னொரு முறை வாசியுங்கள். தேன் சுரக்கும் இடங்களையும் வாசியுங்கள். இரண்டும் ஒன்றேதான்!

தேனைத் தேடி வருவது எறும்பு. பல வகை எறும்புகள் வரும். அவற்றில் கெட்டிக்காரர் நம் முசுறு. மாமரத்தில் ஏறி முசுறிடம் கடி வாங்காத பிள்ளை நம் ஊரில் குறைவு. அதற்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்துக் காயமாக்கி, வயிற்றை வளைத்து அந்தக் காயத்தில் போமிக் அமிலத்தைப் பீச்சும். அதனால்தான் அந்த எரிச்சல்.

முசுறுக் கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை இலைகளை ஒட்டிச் செய்த பந்து. பசை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடிக்கும். வேறு சில எறும்புகள் தங்கள் குடம்பிகளை வாயில் தூக்கி வரும். குடம்பியின் வாயிலிருந்து பட்டு நூல் வரும். அதை இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறி மாறித் தொட்டுத் தைத்துவிடும். வீட்டிலே சின்னத் தம்பியும் வேலை செய்கிறான்!

அந்தக் கூட்டிலிருந்து முசுறுகள் மரம் முழுவதும் சுற்றிவரும். தளிருக்குத் தளிர் போய்த் தேன் நக்கும். வழியில் தேயிலைக் கொசு எதிர்ப்பட்டால் விடாது. புழு கிடைத்தால் கூட்டுக்கு இழுத்துப் போகும். 1990களில் வட ஆஸ்திரேலியாவின் கஜுத் தோட்டங்களில் இதைக் கவனமாகச் சோதித்தார்கள். முசுறு நிறைந்த மரங்களில் தளிர்ச் சேதம் மிகவும் குறைவாக இருந்தது. சீன விவசாயிகளுக்கு இது பழைய செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே தோடை மரங்களுக்காக முசுறுக் கூடுகளைச் சந்தையில் விலைக்கு வாங்கிப் போனார்கள்.

முசுறிடம் குறையும் உண்டு. இனிப்பு நீர் தரும் மாப்பூச்சிகளை அது விரட்டாது, பாதுகாத்து வைத்துக்கொள்ளும். மரத்தில் ஏறும் மனிதரையும் கடிக்கும். ஆனால் கஜுவில் ஒரு வசதி. பழுத்த பழம் தானாகவே விழும். கொட்டையை நிலத்தில் பொறுக்கலாம். மரத்தில் முசுறு இருந்தாலும் அவ்வளவு தொந்தரவில்லை. அதனால் கஜு மரத்து முசுறுக் கூட்டைக் கண்டவுடன் தீ வைத்துக் கொளுத்துவது எனக்குப் பெரிய மனவருத்தம். கண்ட பூச்சிக்கெல்லாம் நஞ்சு தெளித்தால் தேயிலைக் கொசுவுக்கு முன்னே இந்தக் காவற்காரர்தான் சாவார்கள்.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். கஜு நம் நாட்டு மரமே அல்லவே? ஆம், அதன் தாய்நாடு பிரேசில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிரேசிலில் முசுறு இல்லை. அங்கே வேறு எறும்புகளுக்காகச் சுரந்த தேனை, இங்கே முன்பின் தெரியாத முசுறு வந்து நக்கியது. காவலும் செய்தது. கூலி கொடுக்கும் வழக்கத்தை மரம் கடல் தாண்டியும் விடவில்லை.

இனி உங்களுக்கு ஒரு வேலை. மாரி மழை முடிந்து கஜு தளிர்த்துப் பூக்கும் நாளில் ஒரு மரத்தடிக்குப் போங்கள். கொட்டையைத் தொட வேண்டாம். கை எட்டும் உயரத்தில் ஒரு தளிரையும் ஒரு முற்றிய இலையையும் தெரிவு செய்யுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை எறும்பு வந்தது என்று எண்ணுங்கள். எந்த இடத்தில் நின்று நக்குகின்றன என்று பாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அந்த இடத்தில் துளித் தேனும் தெரியலாம். எல்லாவற்றையும் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். கறுத்துக் கருகிய தளிர் கண்ணில் பட்டால், அந்தக் கிளையில் முசுறு இருந்ததா இல்லையா என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள். நாலைந்து மரங்களில் பார்த்தால் இன்னும் நல்லது. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், ஆவலோடு வாசிப்பேன்.